தூரவே? கிட்டத்தான்

அசையாதேங்கோ அம்மா எண்டு மகள் போனிலை சொல்லிப்போட்டாள், அசையாமல் நிக்கிறன். டோர்ட்முண்ட் ஸ்ரேசனிலை, ரெயின் நேரம் காட்டுற பெரிய பலகைக்குக் கீழை, கையிலை ஒரு தண்ணிப் போத்தில், தோளிலை பை, காலிலை வீட்டுச் செருப்பு. ஓம், வீட்டுச் செருப்புத்தான், அதை வரேக்கை ஊபான் எண்ட நிலக்கீழ் ரெயினுக்குள்ளை குனிஞ்சு பாக்கேக்கைதான் கண்டனான். முப்பத்திமூண்டு வருசமா இந்த ஸ்ரேசனுக்கு வந்து போறன், ஒருநாளும் இப்பிடி வந்ததில்லை. ஆர் பாக்கினம்? ஒருத்தரும் பாக்கேல்லை. இவ்வளவு சனம் போகுது வருகுது, பெட்டியை இழுத்துக்கொண்டு, பாணைக் கடிச்சுக்கொண்டு, நாயைப் பிடிச்சுக்கொண்டு, ஒருத்தருக்கும் இன்னொருத்தற்ரை முகத்தைப் பாக்க நேரமில்லை. அப்பிடிப்பட்ட இடத்திலைதான் நான் என்ரை மனுசனைத் துலைச்சுப்போட்டு நிக்கிறன். துலைச்சு எண்டு சொல்லாதை பவளம், வாயைக் கழுவு. காணேல்லை. காணேல்லை எண்டு மட்டும் சொல்லு. காலமை பத்துமணிக்கு வீட்டிலையிருந்து வெளிக்கிட்டவர், இப்ப ரெண்டே கால், காணேல்லை. மத்தியானக் குளிசையும் போடேல்லை. அதுக்குத்தான் இந்தத் தண்ணிப் போத்திலைக் கொண்டு வந்தனான், கண்ட உடனை குடுக்கலாமெண்டு, பார் என்ரை நினைப்பை, வந்து இறங்க அவர் வாசலிலை நிப்பார் எண்டு நினைச்சனான்.

அந்தப் பொலிஸ் பிள்ளை நல்ல பிள்ளை. தலைமயிரை இறுக்கி முடிஞ்சிருந்தவள், என்ரை மகள் தர்சிகாவிலும் நாலைஞ்சு வயசு குறைவாத்தான் இருக்கும். என்ரை குசினி ஜேர்மன் பாசைக்கு விளங்கவேணுமெண்டு ஒவ்வொரு சொல்லா மெல்ல மெல்லக் கேட்டவள். பேர் என்ன? வாயாலை சொல்ல வரேல்லை. கட்டின நாளிலையிருந்து அந்தப் பேரை நான் வாயாலை சொன்னதில்லை, பைக்குள்ளை கையை விட்டு மருந்துப் பெட்டியை எடுத்து நீட்டினன், அதிலை கிடக்கு பரராஜசிங்கம் எண்டு. வயசு? அறுபத்தொன்பது. உயரம்? என்னிலும் ஒரு சாண் கூட. உடுப்பு? மண்ணிற ஜக்கெட், கறுத்தக் கம்பளித் தொப்பி, கறுத்தச் சப்பாத்து. வருத்தம் ஏதும்? டெமென்ஸ் எண்டன், மறதி வருத்தம். அந்தச் சொல்லு மட்டும் எனக்கு வடிவா வாயிலை வரும், ரெண்டு வருசமாச் சொல்லிச் சொல்லிப் பழகின சொல். சில நேரம் அவருக்கு எல்லாம் விளங்கும், பிள்ளை, சில நேரம் என்னையே ஆரோ அயலட்டைப் பொம்பிளை எண்டு நினைச்சு மரியாதையாக் கதைப்பார். கையிலை பிடிச்சு இழுக்க மட்டும் கூடாது. போன மாசம் கடையிலை நான் கையைப் பிடிச்சு இழுக்கப்போய் அவர் போட்ட சத்தத்திலை சனம் கூடிட்டுது, ஒரு கிழவி பொலிசுக்கே போன் அடிச்சுப்போட்டாள். பொலிஸ் பிள்ளை எல்லாத்தையும் எழுதிக்கொண்டாள். பிறகு நிமிந்து பாத்துக் கேட்டாள், எங்கை போறதெண்டு சொல்லிப்போட்டுப் போனவர்? எங்கை. உலகத்திலை எல்லாரும் கேக்கிற கேள்வி. நான் மட்டும் கேக்காத கேள்வி. தெரியாது எண்டன். அவள் என்னை ஒரு மாதிரிப் பாத்தாள். நீங்கள் கேக்கேல்லையோ? எண்டாள். அவளுக்கு நான் எதைச் சொல்லி விளங்கப்படுத்திறது? வெளிக்கிட்டுப் போற மனுசனைப் பாத்து எங்கை எண்டு கேக்கக்கூடாது பிள்ளை, கேட்டால் போற காரியம் சரிவராது, எங்கடை சனத்திலை அது பெரிய பிழை எண்டு ஜேர்மனிலை சொன்னால் அவள் என்னையும் சேத்து எழுதிக்கொண்டு போயிருப்பாள்.

காலமை என்ன நடந்தது எண்டு நூறுதரம் யோசிச்சிட்டன், நூறுதரமும் அதே இடத்திலை வந்து இறுகுது. புட்டு அவிஞ்சுகொண்டிருக்கு. நான் தேங்காய்ப்பூவைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறன். இவர் வந்து குசினி வாசலிலை நிண்டார். ஜக்கெட் போட்டு, பொத்தான் எல்லாம் ஒழுங்காப் பூட்டி, சப்பாத்துக் கட்டி. அதுதான் என்னை ஏமாத்தினது, சப்பாத்துக் கயிறு ரெண்டும் வடிவாக் கட்டியிருந்தது. சுகமில்லாத நாளெண்டால் கயிறு இழுபடும். இண்டைக்கு நல்ல நாள் எண்டு நினைச்சனான். நான் ஒருக்காப் போட்டு வாறன் எண்டார். எனக்கு எங்கை எண்டு தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததைச் சத்தியமா விழுங்கினன். விழுங்கிப்போட்டு, எங்கடை ஆக்கள் கேக்கிற மாதிரி, தூரவே? எண்டன். அவர் சிரிச்சார். இல்லை, கிட்டத்தான். நீர் புட்டைப் பாரும் எண்டார். நீர் எண்டார். என்னைத் தெரிஞ்ச நாளிலைதான் நீர் எண்டு சொல்லுவார், தெரியாத நாளிலை நீங்கள் எண்டுவார். நீர் எண்ட ஒரு சொல்லைக் கேட்டவுடனை நான் உருகிப்போனன், விசரி. போட்டு வாங்கோ எண்டு தலையாட்டினன். கதவு சாத்தின சத்தம் கேட்டுது. நான் புட்டைப் பாத்தன்.

கதவு. அந்தக் கதவிலை தர்சிகா மூண்டு மாசத்துக்கு முதல் ஒரு பேப்பர் ஒட்டினவள். பெரிய எழுத்திலை, தமிழிலை, எங்கை போறீங்கள்? எப்ப வருவீங்கள்? டொக்டர் சொல்லித்தான் ஒட்டினவள், அப்பா வெளிக்கிட்டால் இதைப் பாத்துக் கேளுங்கோ அம்மா, சொல்லுறதைப் பக்கத்திலை எழுதுங்கோ எண்டு பென்சிலும் நூலிலை கட்டித் தொங்கவிட்டவள். நானும் ஓம் ஓம் எண்டனான். அவள் கார் எடுத்துக்கொண்டு போன உடனை கழட்டிப்போட்டன். வாசற்கதவிலை, போறவாற ஆக்களின்ரை கண்ணிலை படுற மாதிரி, எங்கை எண்டு எழுதி ஒட்டிறதோ? வேறை வினை வேணுமோ? மடிச்சு லாச்சிக்குள்ளை றப்பர்பாண்டுகளோடை வைச்சிட்டன். அவள் ஞாயிற்றுக்கிழமை வரேக்கை மட்டும் திரும்ப ஒட்டுவன். இப்பிடிக் களவு செய்து கொண்டிருந்தனான், பெத்த பிள்ளைக்கு. அதுவும் போகட்டும். பதினொண்டரைக்குப் புட்டு ஆறிப்போச்சு, இவரைக் காணேல்லை எண்டு நான் போன் எடுக்க அவள் முதல் கேட்டது என்ன? அம்மா, கேட்டனீங்கள்தானே? எங்கை எண்டு சொன்னவர்? நான் சொன்னன், கடைக்கு எண்டவர் பிள்ளை. ஐயோ. என்ன வாய் இது? கேக்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாம். அவள் ஒருக்காக் கத்தியிருப்பாள், அவ்வளவுதான். கடைக்கு எண்டவர் எண்டு ஒரு பொய்யை எடுத்து விட்டன், அவளும் மருமகனும் வேலையை விட்டிட்டு ஓடி வந்து ஒண்டரை மணித்தியாலம் தமிழ்க்கடை, துருக்கிக்கடை, பாண்கடை எண்டு கடைகடையா ஏறி இறங்கினவை. ஒண்டே காலுக்குத் தமிழ்க்கடைக் குகன், வெளியிலை போயிட்டுக் கடைக்கு வந்து விசயத்தைக் கேள்விப்பட்டு, போன் எடுத்தான். அக்கா, அண்ணை காலமை ஊபானிலை என்னோடைதான் வந்தவர், பெரிய ஸ்ரேசனிலை இறங்கினவர், சுகமாத்தானே கதைச்சவர், நான் ஒண்டும் யோசிக்கேல்லை எண்டான். நீ ஏன் எங்கை எண்டு கேக்கேல்லை எண்டு அவனைக் கேக்க வாய் உன்னினது. அவனும் எங்கடை சனந்தானே. அவன் என்னத்தைக் கேப்பான்?

அந்த ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ளை இஞ்சையிருந்து எத்தினை ரெயின் போயிருக்கும்? பலகையைப் பாக்கிறன், ஒரு வரி அழிய எல்லா வரியும் ஒருபடி மேலை ஏறுது, கீழை புதுசா ஒண்டு வருகுது. வாசிச்சு முடிக்கமுன்னம் போயிடுது. ஹம் நகரம். அங்கை அம்மன் கோயில் கிடக்கு, அரைமணித்தியாலம் கூட இல்லை, கோயிலுக்கெண்டால் குளிச்சிட்டுத்தானே போவார், காலமை குளிக்கேல்லை. விற்றன் நகரம். விற்றனுக்கு எஸ்பான் ரெயின் அஞ்சாம் நம்பர், இருபத்தாறு வருசம் அதிலைதான் போய் இத்தாலியன் கடைக் குசினியிலை கோப்பை கழுவி, பிறகு பீட்சா போட்டு, கை வெந்து வெந்து வந்தவர். அந்தக் கடை இப்ப இல்லை, போன் விக்கிற கடையாப் போச்சு, அங்கை போய் நிண்டு வெங்காயம் எங்கை எண்டு கேப்பாரோ? இசர்லோன். அங்கைதான் வந்த புதுசிலை அகதிமுகாமிலை இருந்தவர், எந்தத் தெரு, எந்த வீடு, எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை. டுசில்டோர்வ் விமான நிலையம். போன கிழமை நித்திரையிலை, ரிக்கற் எடுத்தாச்சு எண்டு சொன்னவர். ஸ்ரேசன் மேடையள் ரெண்டிலை துடங்கி முப்பத்தொண்டு வரைக்கும் கிடக்கு, ஆனால் இடையிலை கனக்க இலக்கங்கள் இல்லை, ஆறு இல்லை, ஒன்பது இல்லை, பதினொண்டுக்குப் பிறகு ஒரேயடியாப் பதினாறு. இவற்ரை மண்டையும் இப்ப அப்பிடித்தான். எல்லா மேடைக்கும் ஒரே ஒரு சுரங்கப்பாதை, அதின்ரை அந்தத் தலையிலை வடக்கு வாசல், அதுக்கு வெளியிலை ஊர் ஊராப் போற பெரிய பஸ்சுகள். இந்தத் தலையிலை நான். எனக்குக் கீழை, நிலத்துக்கடியிலை, நாலு ஊபான். வெளியிலை ராக்சி. நான் முப்பத்தொண்டுக்குப் போனால் அவர் ரெண்டிலை இறங்குவார். நான் ரெண்டுக்குப் போனால் அவர் வடக்கு வாசலாலை போயிடுவார். ஒரு மனுசி எத்தினை பக்கம் பாக்கிறது? கிட்டத்தான் எண்டவர். கிட்ட எண்டால் எது கிட்ட? அந்த மனுசனுக்கு இப்ப இசர்லோன் கிட்டவாக் கிடக்கும், யாழ்ப்பாணம் கிட்டவாக் கிடக்கும், பக்கத்திலை படுத்திருக்கிற நான்தான் தூரம்.

முந்தி நானும் கேக்கிற ஆள்தான். எல்லாத்தையும் கேக்கிற வாய்க்காரி. பதினாறு வயசிலை, என்ரை பெரியண்ணன் சைக்கிளை வெளியிலை எடுக்க, எங்கையண்ணா போறாய் எண்டு கேட்டிட்டன். அம்மா குசினிக்குள்ளையிருந்து கத்தினா, டேய், கேட்டிட்டாள், திரும்பி வந்து இருந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ எண்டு. அதுதானே பரிகாரம், ஆரும் கேட்டிட்டால் திரும்பி வந்து இருக்கோணும், தண்ணி குடிக்கோணும், பிறகு புதுசா வெளிக்கிடோணும். அண்ணன் சிரிச்சுப்போட்டு, நேரமில்லையம்மா எண்டு மிதிச்சான். அவ்வளவுதான். வீட்டுக்கு வரேல்லை. எண்பத்தஞ்சிலை வராதவை எத்தினையோ பேர், அவையளை எல்லாம் தங்கச்சிமார் எங்கை எண்டு கேட்டுத்தான் வராமல் போனவையோ எண்டு தர்சிகா சண்டை பிடிப்பாள். நியாயந்தான். ஆனால் என்ரை வாய் அண்டைக்கே தைச்சுப்போச்சு. இவரும் எனக்குப் பொருத்தமா வந்து வாய்ச்சவர். தர்சிகா கைக்குழந்தையா இருக்கேக்கை, மேல்மாடி கோவால்ஸ்கி அம்மா படியிலை வைச்சு, எங்கை ஹெர் சிங்கம், வேலைக்கோ? எண்டு கேட்டிட்டா. பாவம், அன்பாத்தான் கேட்டா. இந்த மனுசன் என்ன செய்தவர்? மூண்டு மாடி திரும்பி ஏறி வந்து, சப்பாத்தைக் கழட்டி, கதிரையிலை இருந்து, பவளம் தண்ணி தாரும் எண்டார். எஸ்பான் போயிட்டுது. கடையிலை முதலாளியிட்டை நல்ல ஏச்சு. வேலை போனாலும் பரவாயில்லை, அப்பிடியே போகக்கூடாது எண்டு சொன்னவர். நான் அப்ப சிரிச்சன். இப்ப மேலையிருந்து ஒலிபெருக்கி கத்துது, ஹெர் பரராயசிங்கம், ஹெர் பரராயசிங்கம், தகவல் இடத்துக்கு வரவும். ஆர் அந்தப் பரராயசிங்கம்? அப்பிடிக் கூப்பிட்டால் என்ரை மனுசன் திரும்பியும் பாக்கமாட்டார். எனக்கே ஆரோ ஒரு ஜேர்மன்காரனைத் தேடுற மாதிரிக் கேக்குது.

போனை எடுத்தன். நம்பரை அமத்த ரெண்டுதரம் பிழைச்சுது. பிள்ளை, நான் கேக்கேல்லை எண்டன். என்னம்மா? எங்கை எண்டு நான் கேக்கேல்லையடி. கடைக்கு எண்டு அவர் சொல்லேல்லை. அந்தப் பேப்பரையும் நான் அண்டைக்கே கழட்டிப்போட்டன். எனக்கு அவள் ஏசினால் போதும் போலக் கிடந்தது. ஏசேல்லை. ஒரு சொல்லம்மா, எண்டாள், ஒரே ஒரு சொல், அதைக் கேக்க ஏலாமல் போச்சே உங்களுக்கு. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பத்து நிமிசத்திலை வாறன், அசையாதேங்கோ எண்டு திரும்பவும் சொன்னாள். நான் எங்கையடி அசையிறது? வெளியிலை நாலு பாகை குளிர், அந்த ஜக்கெட் மெல்லிசு. பசிச்சால் என்ன செய்வார், புட்டும் தின்னேல்லை. ரெயினுக்குள்ளை ரிக்கற் கேட்டால் என்ன செய்வார்? தண்டவாளம் எண்டு நினைப்பு ஓடுது, வேண்டாம், அங்காலை போகாதை, அம்மாளாச்சி, அதை மட்டும் என்னை நினைக்க விடாதை. முப்பத்திமூண்டு வருசம் ஒரு மனுசனோடை இருந்திட்டு, அவர் எங்கை போவார் எண்டு ஒரு பொலிஸ் பிள்ளைக்குச் சொல்ல என்னட்டை ஒரு இடம் இல்லை. ஒரு இடங்கூட இல்லை.

கறுத்தத் தொப்பி. சுரங்கப்பாதைக்குள்ளையிருந்து சனத்தோடை சனமா வருகுது. எத்தினை கறுத்தத் தொப்பியைப் பாத்து ஏமாந்திட்டன், இதுவும், இல்லை, நடை, அந்த வலது காலை கொஞ்சம் வெளியிலை வைக்கிற நடை. இவர்தான். கடவுளே, இவர்தான். ஒண்டும் நடக்காத மாதிரி, கையிலை ஒரு பாண் பையோடை வாறார். இஞ்சாருங்கோ! கத்தினன். ஒரு சோமாலிப் பிள்ளை திரும்பிப் பாத்தாள், இவர் பாக்கேல்லை. என்னைத் தாண்டிக் கண்ணாடிக் கதவுப் பக்கம் போறார். ஓடினன், செருப்பு ஒண்டு கழண்டுபோச்சு, கிடக்கட்டும். முன்னாலை போய் நிண்டன். இவர் நிண்டு என்னை மேலை கீழை பாத்தார், வெறுங்காலைப் பாத்தார், முகத்திலை ஒரு நல்ல சிரிப்பு. தமிழோ நீங்கள்? எண்டார். ஓம் எண்டன். எண்டாலும் இந்தக் குளிருக்குள்ளை சப்பாத்துப் போடாமல் வரலாமோ பிள்ளை? ரெயினுக்கு வந்தனியளோ? தூரவே? தூரவே எண்டு கேட்டார். என்னை மறந்துபோச்சு, எங்கை எண்டு கேக்கக்கூடாது எண்டது மறக்கேல்லை. இல்லை, கிட்டத்தான் எண்டன். நல்லது, நல்லது, நான் போட்டு வாறன் எண்டு தலையை ஆட்டிப்போட்டுத் திரும்பினார். கதவு தானாத் திறந்துது. வெளியிலை ராக்சி நிக்குது, றோட்டு, கீழை இறங்கிற படி, நாலு ஊபான். பொலிஸ் பிள்ளையைக் காணேல்லை. மகள் வர இன்னும் ஆறோ ஏழோ நிமிசம். கையைப் பிடிச்சால் கத்துவார், உதறிக்கொண்டு ஓடுவார், ஓடினால் இந்தக் காலோடை நான் பிடிக்கமாட்டன். இன்னும் ரெண்டு அடி. எனக்கு வேறை ஒண்டும் தெரியேல்லை. எங்கை போறீங்கள்? எண்டு கேட்டன். கேட்டன் இல்லை, கத்தினன், அந்த ஸ்ரேசனே கேக்க. எங்கை போறீங்கள்!

இவர் நிண்டார். கதவுக்கு நடுவிலை நிண்டு மெல்லத் திரும்பினார், முகம் கறுத்துப்போச்சு. என்ன பிள்ளை நீங்கள், ஒழுங்கான வீட்டுப் பிள்ளை மாதிரிக் கிடக்கு, வெளிக்கிட்டுப் போற மனுசனைப் பாத்து இப்பிடிக் கேக்கலாமோ? தெரியாமல் கேட்டிட்டன் எண்டன். தெரியாமலோ, இனி என்ன, இருந்திட்டுத்தான் போகோணும் எண்டு முணுமுணுத்துக்கொண்டு திரும்பி வந்தார். கதவடியிலை கிடந்த இரும்பு வாங்கிலை இருந்தார், சப்பாத்துக் கயிறை அவிட்டார். தண்ணி கிடக்கோ? போத்திலை நீட்டினன். வாய் வைக்காமல் அண்ணாந்து ரெண்டு மிடறு குடிச்சார். நான் பக்கத்திலை இருந்தன், தொடாமல். என்ரை மனுசி வீட்டிலை பாத்துக்கொண்டிருக்கும் எண்டார், முப்பத்திமூண்டு வருசம், ஒருநாள் அவள் என்னை எங்கை எண்டு கேட்டதில்லை, அப்பிடிப் பிள்ளை. நான் ஓம் எண்டன். கண்ணாலை ஓடுறதைத் துடைக்கவும் ஏலேல்லை, துடைச்சால் ஏன் எண்டு கேப்பார். அவர் குனிஞ்சு கயிறு ரெண்டையும் திரும்ப வடிவாக் கட்டினார். எழும்பினார். சரி பிள்ளை, போட்டு வாறன். எங்கை போறீங்கள்? எண்டு கேட்டன். சீ, திரும்பவும்! என்ன சனமப்பா இது எண்டு தலையிலை கையை வைச்சுக்கொண்டு அதே இடத்திலை இருந்தார். நான் போத்தில் மூடியைத் திறந்தன். கண்ணாடிக் கதவுக்கு அங்காலை மகளின்ரை காரை இன்னும் காணேல்லை. போத்திலிலை அரைவாசித் தண்ணி கிடக்கு.